தாத்தா செய்த நீராவிக் கார்

எங்கள் வீட்டில் தாத்தா என்றால் கிழவர் இல்லை. தலையில் முக்காடு, மூக்கில் கரி, என்னைவிடச் சில வயது மூத்த பெண். உடன்பிறந்த மூத்தவளை நாங்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகள் தாத்தா என்று கூப்பிட்டால் அவர்களுடைய தகப்பன் திரும்பிப் பார்ப்பார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கூப்பிட்டால் தகப்பனுடைய தகப்பன் திரும்புவார். ஒரு சொல்லுக்கு எங்கள் ஊர் கலகெதரவில் மூன்று பேர் திரும்பினார்கள். சின்ன வயதில் இதில் எனக்கு ஒரு குழப்பமும் இருக்கவில்லை. ஒரு நாளைத் தவிர.

வாப்பாவுக்கு ரோட்டோரம் தகரப் பட்டறை. கண்டியிலிருந்து குருநாகலுக்குப் போகிற ரோடு. வாளி, லாந்தர், எண்ணெய்ப் புனல் எல்லாம் செய்வார். ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தல்தான். பெண்கள் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் கதைக்கப் போவார்கள். தண்ணீர் வற்றிவிடும். அடியில் வைத்த ஈயம் உருகி விழும். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வருவார்கள். "பொம்புளைங்க கதைக்கிறத நிப்பாட்டினா நாங்க பட்டறைய மூட வேண்டியதுதான்" என்பார் வாப்பா. அவர் பேசியதில் நீளமான பேச்சு அதுதான்.

பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சாக்குத் திரை தொங்கியது. வயதுக்கு வந்த பெண்ணைக் குமர் என்போம். தாத்தா குமரானதும் பள்ளிக்கூடம் நின்றது. திரைக்கு அந்தப் பக்கம் போவதும் நின்றது. ஆனால் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற ஈயக்கோலைச் சூடாக்குகிற அடுப்பு வீட்டுப் பக்கம் இருந்தது. அதை யாரும் நகர்த்தவில்லை. அதனால் திரைக்குக் கீழே ஒரு கை வரும். கையில் சூடான கோல் இருக்கும். வாப்பா வாங்கிக்கொள்வார். கொஞ்ச நாளில், வேலை அதிகமான நேரம், வாப்பா ஓட்டைக் கேத்தலைத் திரைக்குக் கீழே தள்ளத் தொடங்கினார். அது அடைபட்டுத் திரும்பி வரும். பிறகு உள்ளே அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகை வந்தது. பலகைமேல் கத்தரி வந்தது, சுத்தியல் வந்தது. தாத்தா வைத்த ஈயம் வாப்பா வைத்ததைவிடச் சன்னமாக இருக்கும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். குரல்தான் பெரிசு. அவர் பஸ்ஸை விட்டு இறங்கினதும் எங்களுக்குக் கேட்டுவிடும். உம்மா தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிடுவா. தாத்தா குமரானதும் மாமா அவளுக்கு ஒரு தையல் மெஷின் கொண்டுவந்து இறக்கினார். காலால் மிதிக்கிற மெஷின். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து பார்த்தார்கள். அவர்கள் ஊசியைப் பார்த்தார்கள். தாத்தா குனிந்து மிதிபலகையைப் பார்த்தாள். பலகை மேலும் கீழும் ஆடுகிறது. பக்கத்தில் சக்கரம் சுற்றுகிறது. ஆடுவது எந்த இடத்தில் சுற்றுவதாக மாறுகிறது என்று மெஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்து பார்த்தாள்.

"பாத்தியா, புள்ளக்கி எவ்வளவு ஆச. மெஷின உட்டு எழும்புறாளே இல்ல" என்று மாமா உம்மாவிடம் சொன்னார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரத் துரையின் கார் பட்டறைக்கு முன்னால் வந்து நின்றது. பெட்ரோல் கார்கள் அந்த ரோட்டில் ஓடத்தான் செய்தன. இது வேறு. பழையது. குதிரையை அவிழ்த்துவிட்ட வண்டி மாதிரி இருந்தது. உறுமவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டது. உள்ளே தண்ணீர் கொதித்து, அந்த ஆவியில் ஓடுகிற கார். துரைக்குக் குருநாகல் பக்கம் தென்னந்தோட்டம். அங்கிருந்து மலை ஏறி வந்ததில் தண்ணீர்த் தொட்டி ஒட்டு விட்டுப்போயிற்று. அவரே தொட்டியைக் கழற்றி வாப்பாவிடம் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் விசயத்தைச் சொன்னார். பிறகு பலா மரத்து நிழலில் போய் நின்று சுருட்டுப் பற்ற வைத்தார். காரின் வயிறு திறந்தபடி கிடந்தது.

வாப்பா ஒட்டுவதற்குத் தயாராகிவிட்டார். ஈயக்கோல் வரவில்லை.

"மகள்" என்று கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். திரையில் இருந்த ஓட்டையில் கண்ணை வைத்துத் தாத்தா நின்றாள். அடுப்பில் கோலின் முனை சிவந்து கெட்டுப்போய்க் கிடந்தது.

"தாத்தா, வாப்பா கூப்புடுறாங்க."

"சும்மா ஈ. அது மூச்சு உடுது பாரு." இரு என்பது எங்கள் வீட்டுப் பேச்சில் ஈ.

தொட்டி ஒட்டியாயிற்று. கார் போயிற்று. மேட்டில் ஏறும்போதும் அது முக்கவில்லை. தாத்தா அன்று இரவு சோறு தின்னவில்லை.

மறுநாள் அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு படம் இருந்தது.

"இது என்ன, தேளா?" என்று உம்மா கேட்டா.

"கார்."

"சக்கரம் எங்க?"

"சக்கரம் யாருக்கும் வரைய ஏலும். இது உள்ளுக்கு ஈக்கிறது."

உம்மா ஈரத் துணியால் துடைத்துவிட்டா. தாத்தா மறுபடி வரைந்தாள். உம்மா மறுபடி துடைத்தா. இப்படியே நடந்தது. ஒவ்வொரு தரமும் படத்தில் கோடு குறைந்தது. உம்மா துடைக்காமல் விட்டிருந்தால் அந்தக் கார் இவ்வளவு சுருக்கமாக வந்திருக்காது என்று பின்னாளில் தாத்தாவே சொல்லியிருக்கிறாள்.

ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டாள். ஆவி ஒரு குழாய்க்குள் போய், சக்கரத்தைச் சுற்றுகிற தண்டைத் தள்ள வேண்டும். தள்ளின பிறகு அது வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் தண்டு திரும்பி வராது. துரையின் காரில் இதற்கென்று தனியாக ஒரு உறுப்பு, ஒரு மூடிக்குள் ஓடியதாம். மூடி இருந்ததால் திரை ஓட்டையிலிருந்து அதைப் பார்க்க முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய குறை. "அந்த மூடிய மட்டும் தொறந்து காட்டியிருந்தா" என்று அடிக்கடி சொல்லுவாள்.

தம்பி அப்போது தொட்டிலில் கிடந்தான். ஆட்டும் வேலை தாத்தாவுக்கு. ஒரு நாள் அவள் ஆட்டிக்கொண்டே இருந்து, நடுவில் நிறுத்திவிட்டாள். தம்பி வீரிட்டு அழுதான். அவள் அசையவில்லை. உம்மா ஓடி வந்து திட்டினா. தாத்தா கேட்டதெல்லாம், "தொட்டிலே ஆடினா என்ன?" என்பதுதான்.

"தொட்டில் ஆடாம வேற என்ன ஆடும்? நீ ஆட்டுடி!"

அவள் யோசனை இது: தண்டு ஓடுகிற குழாயே தொட்டில் மாதிரி ஆடட்டும். இந்தப் பக்கம் சாயும்போது குழாயின் ஓட்டை ஆவி வரும் ஓட்டைக்கு நேரே வரும். ஆவி தள்ளும். அந்தப் பக்கம் சாயும்போது அதே ஓட்டை வெளியே போகும் வழிக்கு நேரே வரும். ஆவி போய்விடும். தனி உறுப்பும் வேண்டாம், மூடியும் வேண்டாம். இவ்வளவுதான். இதை அவள் எனக்கு ஒரு பலகைத் துண்டும் ஆணியும் வைத்து விளக்கினாள். எனக்கு விளங்கியது. அந்த வயதில் எனக்கு விளங்கியது என்பதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

பிறகு சாமான் சேர்க்கிற வேலை. உடைந்த மேசை லாம்பு ஒன்றின் பித்தளைக் குடம் கொதிகலனாயிற்று. திரி போடுகிற வாய்க்கு மரை இருந்ததால் தண்ணீர் ஊற்றி இறுக்க வசதி. சைக்கிள் பம்பின் ஒரு துண்டு ஆடுகிற குழாய். உள்ளே போகும் தண்டுக்குப் பம்பின் தோலையே முதலில் போட்டாள். சூட்டில் அது சுருண்டுவிட்டது. பிறகு பருத்தி நூலைச் சுற்றி ஆமணக்கெண்ணெயில் ஊறவைத்தாள். அது நின்றது. சக்கரத்துக்குப் பொலிஷ் டின் மூடிகள். உடம்புக்கு பிஸ்கட் டின். பிஸ்கட் டின்னில் இங்கிலாந்து ராஜாவின் படம் இருந்தது. வாப்பா அதைப் பார்த்து, "ராஜா உள்ளுக்குப் போகட்டும்" என்றார். தகரத்தைத் திருப்பி மடித்தாள். அந்தக் காருக்குள் ராஜா தலைகீழாக உட்கார்ந்திருந்தார்.

வாப்பா அதற்குமேல் ஒரு விசயம்தான் சொன்னார். "வெடிக்கும்."

"தண்ணி ஈக்கிற வரைக்கும் ஈயம் உருகாது வாப்பா. கேத்தல்ல பாத்ததுதானே."

"ஈயம் உருகாது. ஆவி?"

தாத்தா குடத்தைப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டாள். சில நாள் அந்தக் குடத்தைத் தொடவில்லை. பிறகு குடத்தின் மேலே ஒரு சின்ன ஓட்டை போட்டாள். அதில் ஒரு ஈய மணியை உட்கார வைத்து, குடைக் கம்பியால் அழுத்திப் பிடிக்க வைத்தாள். ஆவி கூடினால் மணியைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். வாப்பா அதைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினார். மறுநாள் காலையில் பலகைமேல் காஸ் லைட் ஒன்றிலிருந்து கழற்றிய செம்புக் குழாய் கிடந்தது. சன்னமான குழாய். எங்களிடம் இல்லாமலிருந்தது அது ஒன்றுதான்.

முதல் தரம் அது சீறியது, நகரவில்லை. அடுத்த தரம் நகர்ந்தது, கதவு நிலையைக் கூடத் தாண்டவில்லை. பலம் போதவில்லை. தாத்தா தையல் மெஷினைப் போய்ப் பார்த்தாள். அதில் பெரிய சக்கரம் சின்னச் சக்கரத்தை ஓட்டுகிறது. அதனால் வேகம். அவள் அதைத் திருப்பிப் போட்டாள். சின்னதை வைத்துப் பெரியதை ஓட்டினாள். வேகம் போயிற்று. பலம் வந்தது.

அதற்கு ஒரு வார் வேண்டியிருந்தது. மெஷினில் இருந்த தோல் வாரிலேயே ஒரு துண்டை வெட்டிவிட்டாள்.

அன்றைக்குத்தான் மாமா வந்தார். ரோட்டிலிருந்து குரல் கேட்டது. ஆனால் கொதிகலன் சூடாக இருந்தது. விட்டுவிட்டு எழும்ப முடியாது. மாமா உள்ளே வந்தார். வார் இல்லாத மெஷினைப் பார்த்தார். தரையில் ஊர்ந்துகொண்டிருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தார்.

"அல்லாஹ்வே! நான் மெஷின் வாங்கிக் குடுத்தது சட்ட தைக்க. இவ மெஷின அறுத்து அதக் குட்டி போட வச்சீக்கிறா!"

உம்மா சிரித்துவிட்டா. மாமா சிரிக்கவில்லை. வாப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மச்சான், இந்த அடுப்புப் பலகைய எடுங்க. கொமர் புள்ள ஈயம் காச்சுறாண்டு டவுன்ல தெரிஞ்சா நாளைக்கி யாரு பொண்ணு கேட்டு வருவாங்க? நான் எந்த மொகத்தோட கடையில நிப்பேன்?"

வாப்பா காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மூட்டை உருட்டி இறக்குகிற சாய்வுப் பலகையில் முன் சக்கரத்தை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏறவில்லை. தண்டில் சுற்றிய நூல் இன்னும் இறுகவில்லை.

"ஏறும்" என்றார் வாப்பா.

"எது?"

"அது. கண்டியில சாமான் காட்டுற பந்தல் போடுறாங்களாம். ஊர்த் தலைவர் ஆராச்சி வந்து சொன்னார். ஊர்க் கைவேல ஏதும் அனுப்பச் சொல்லி. லாந்தர் அனுப்ப நெனச்சேன். இத அனுப்புறேன்."

மாமா எழும்பி, மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் துணிக்கடைக்காரர் மாதிரி பேரம் பேசினார். "சரி. கண்டியிலயே பாப்போம். ஏறாட்டி அடுப்புப் பலக போகணும். ஏறினா பலக ஈக்கட்டும், நான் வாயே தொறக்கல்ல. ஆனா ஒண்டு. செஞ்சது யாருண்டு வெளிய போகப்படாது. போச்சுதோ, ஏறினாலும் பலக இல்ல."

"சரி" என்றார் வாப்பா.

தாத்தா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஏறினால் பலகை என்பது எனக்கு நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகு மாமா சொன்னதை நான் கவனிக்கவில்லை, பின்னாளில் தாத்தா சொல்லித்தான் தெரியும். எனக்கு ஏற்கெனவே அந்தக் கார் ஏறிக்கொண்டிருந்தது.

குமர் கண்டிக்கு வர முடியாது. வாப்பாவின் விரல்கள் தடித்தவை, அந்தச் சின்ன மரையில் நிற்காது. அதனால் காரை ஓட்டப் போவது இன்னும் குமராகாத நான் என்று ஆயிற்று. தாத்தா என்னைப் பழக்கினாள். எவ்வளவு தண்ணீர், எங்கே எண்ணெய், ஸ்பிரிட் விளக்கை எப்படி உள்ளே தள்ளுவது. முக்கியமானது ஒன்று இருந்தது. ஆவி சேர்ந்த பிறகு சக்கரத்தை விரலால் ஒரு தரம் முன்னால் தட்ட வேண்டும். சீக்கிரம் தட்டினால் நின்றுவிடும். தாமதித்தால் ஆவி வீணாகும். "மணி சீறத் தொடங்கும், பூன மாதிரி. அந்தச் சத்தம் கேட்டதும் தட்டு. வேற ஒண்டும் யோசிக்காத." கண்ணை மூடிக்கொண்டே செய்ய எனக்கு வந்துவிட்டது.

பஸ்ஸில் காரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். உம்மாவின் பழைய சேலையில் சுற்றியிருந்தது. வாப்பா சாய்வுப் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது நான் காரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மாமா டவுனில் காத்துக்கொண்டிருந்தார். புதுத் தொப்பி போட்டிருந்தார். தோற்பதைப் பார்க்க வந்தவருக்குப் புதுத் தொப்பி எதற்கு என்று அப்போது தோன்றவில்லை.

பந்தலில் கூடை, பாய், அரக்குப் பூசிய கோல், வெள்ளி வெற்றிலைத் தட்டு எல்லாம் இருந்தன. நடுவில் எங்கள் பிஸ்கட் டின். ரட்டே மஹாத்தயா, அதாவது எங்கள் பகுதிக்குப் பெரிய அதிகாரி, ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம். எங்கள் மேசைக்கு வந்ததும் மாமா சத்தமாகச் சிங்களத்தில், இது தண்ணீரில் ஓடும் கார், இந்தப் பலகையில் ஏறும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் விளக்கைப் பற்ற வைத்தேன். உள்ளே தள்ளினேன்.

அந்த நேரம் பந்தலுக்கு வெளியே மேளம் தொடங்கியது. கண்டி மேளம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன். மணி சீறுகிறதா இல்லையா தெரியவில்லை. தட்டினேன். சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. சீக்கிரம் தட்டிவிட்டேன்.

யாரோ சிரித்தார்கள். மாமா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். வாப்பா என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரட்டே மஹாத்தயா அடுத்த மேசைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

கேட்க முடியாது. சரி. கன்னத்தை மணிக்குக் கிட்டே வைத்தேன். சூடு அடித்தது. காத்திருந்தேன். ஊசி முனை மாதிரி ஒரு துளி வெந்நீர் கன்னத்தில் பட்டது. மணி தூக்கிவிட்டது. பூனை சீறுகிறது, எனக்குத்தான் கேட்கவில்லை. தட்டினேன்.

குழாய் தொட்டில் மாதிரி ஆடியது. சக்கரம் சுற்றியது. கார் மேசையில் ஊர்ந்து பலகையின் காலுக்கு வந்தது. முன் சக்கரம் ஏறியது. நின்ற மாதிரி இருந்தது. நிற்கவில்லை. பின் சக்கரமும் ஏறியது. முக்காமல், முனகாமல், துரையின் கார் மாதிரியே மெதுவாக, பலகையின் உச்சி வரை போயிற்று. மறுபக்கம் விழாமல் வாப்பா கையில் ஏந்திக்கொண்டார். அவர் கைக்குள்ளும் அது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

மேளம் எப்போது நின்றது என்று தெரியாது. கூட்டத்தின் சத்தம்தான் கேட்டது.

ரட்டே மஹாத்தயா என் பக்கம் குனிந்தார். "கவுத மேக ஹெதுவே?" இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

எனக்கு வாயெல்லாம் சிரிப்பு. "தாத்தா!" என்றேன்.

"தாத்தா கோ?" எங்கே அவர் என்றார்.

"கெதர" என்றேன். வீட்டில்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் ஊர்ச் சிங்களவர் ஒருவர், வாப்பாவிடம் லாந்தர் வாங்குகிறவர், வாப்பாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். தகப்பன் இங்கே நிற்கிறார், இந்தக் குழந்தை வீட்டில் என்கிறதே என்று அவருக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. ரட்டே மஹாத்தயாவும் சிரித்தார். பரிசாகக் கொடுக்கிற நீலப் பட்டி ஒன்றை எடுத்து வாப்பாவின் சட்டையில் குத்தப் போனார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சொல் மாறிப் போய்விட்டது. சிங்களத்தில் மூத்த சகோதரிக்கு அக்கா. அதுவும் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். "அ" வரை வந்தது. வாப்பாவின் கை என் தலையில் விழுந்தது. அடி இல்லை. முக்காட்டோடு சேர்த்துத் தலையை அழுத்திப் பிடித்தது. அந்தக் கை எடுபடவே இல்லை.

மாமா இருந்தாரே, பேரத்தில் தோற்ற மாமா, அவர்தான் எல்லோரையும்விடச் சந்தோசமாக இருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் வாப்பாவைக் காட்டி, "தாத்தா! தாத்தா!" என்று கத்தினார். எனக்கு இனிப்பு வாங்கித் தந்தார். நான் தின்னவில்லை.

பஸ்ஸில் நான் வாப்பாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அவர் சட்டையில் நீலப் பட்டி இல்லை. எப்போது கழற்றினார் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா திரைக்குப் பின்னால் நின்றாள்.

"ஏறிச்சா?"

"ஏறிச்சு."

"முழுக்கவா? வார் வழுக்கல்லயா?"

"முழுக்க. வழுக்கல்ல." எனக்கு அழுகை வந்துவிட்டது. "வாப்பா செஞ்சதுண்டு நெனச்சிட்டாங்க. பட்டிய வாப்பாக்குக் குத்திட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தாத்தா செஞ்சதுண்டு சொன்னேன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "சரியாத்தானே சொல்லியீக்க. பொறகு ஏன் அழற?" என்றாள். என் கன்னத்தில் சிவந்த புள்ளியைக் கண்டு எண்ணெய் தடவினாள். பட்டி பலகைமேல் கிடந்தது. வாப்பா வைத்திருக்க வேண்டும்.

அடுப்புப் பக்கத்துப் பலகை அப்படியே இருந்தது. மாமா தையல் மெஷினுக்குப் புது வார் கொண்டுவந்து தந்தார். வாய் திறக்கவில்லை. அதாவது அந்த விசயத்தில்.

அதற்குப் பிறகு பட்டறைக்கு வேறு மாதிரி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மணிக்கூட்டுப் பெட்டி, இசைப்பெட்டி, தண்ணீர் இறைக்கும் பம்பு என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். வாப்பா பார்ப்பார். "தாத்தாட்ட கேக்கணும்" என்பார். சிங்களவர்களிடமும் அந்தச் சொல்லைத்தான் வைப்பார். சாமான் திரைக்கு உள்ளே போகும். அடுத்த வாரம் ஓடிக்கொண்டு வெளியே வரும். சிங்களவர்கள், இவருக்கும் ஒரு தகப்பன் உள்ளே இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்கள், உள்ளே ஒரு கிழவர் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றாகிக் கலகெதரவில் ஒரு வயோதிக மேதை உண்டாகிவிட்டார். வெளியே வர மாட்டார், கால் ஏலாது என்றார்கள். வெற்றிலை அனுப்பினார்கள். "தாத்தாவுக்குச் சுகமா?" என்று விசாரித்தார்கள். "சுகம்" என்பார் வாப்பா. ஒரு கங்காணி நல்ல கைத்தடி ஒன்று கொடுத்தனுப்பினார். தாத்தா அதைச் சுவரில் அடித்து ஈயக்கோல் மாட்டி வைத்தாள்.

எனக்கு மட்டும் ஆறவில்லை. வாப்பா பயந்துவிட்டார் என்று நினைத்தேன். கண்டியில் கையை எடுத்திருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு பகல் அந்தத் துரை மறுபடி வந்தார். அதே கார். இந்தத் தரம் தொட்டி இல்லை, உள்ளே ஏதோ கோளாறு. மலையில் ஏற மறுக்கிறதாம். இங்கே ஒரு கிழவர் இருக்கிறாராமே என்று சிங்களத்தில் கேட்டார். வாப்பா அவரை ஒரு கதிரையில் இருக்கச் சொன்னார். காருக்கு அடியில் போய், மூடி போட்டிருந்த அந்தத் துண்டைக் கழற்றச் சொல்லிக் கைச்சாடையில் காட்டினார். துரை கழற்றிக் கொடுத்தார். தாத்தா அன்றைக்கு ஓட்டையால் பார்க்க முடியாமல்போனது அதுதான்.

வாப்பா அதைச் சாரத்தில் துடைத்தார். திரைக்குக் கிட்டே போனார். வழக்கம்போலக் கீழே தள்ளவில்லை. திரையைக் கொஞ்சம் விலக்கி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"தாத்தா, இது என்னாண்டு கொஞ்சம் பாருங்க" என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பெற்ற மகளை, வா போ என்று கூப்பிடுகிற மகளை, வாப்பா தாத்தா என்கிறார், பாருங்க என்கிறார். துரைக்காக நடிக்கிறார் என்று நினைத்தேன்.

துரைக்குத் தெரிந்தது கொஞ்சச் சிங்களம். தாத்தா என்ற சொல் அவருக்கு விளங்கியிருக்கும். பாருங்க விளங்கியிருக்காது. அப்போது பட்டறையில் வேறு யாரும் இல்லை, நான் மட்டும்தான். அப்படியானால் பாருங்க என்றது யாருக்காக என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. உள்ளே தாத்தா அந்த மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அதைப் பார்க்க ஓடினேன்.